முத்திரை விழாத நிலைவாசல்

ஈட்டிமேட்டில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டால் ஊர்க்காரர்களே கொஞ்சம் யோசிப்பார்கள். மலையடிவாரத்தில் மரம் அறுத்தே வளர்ந்த ஊர். காட்டில் மரம் வெட்டக்கூடாது என்று ஆனபிறகு மரஅறுவை மில்லை மூடிவிட்டார்கள். மிச்சம் இருப்பது மில்லின் புகைக்கூண்டு, மரம் இழுத்த யானைகள் தண்ணீர் குடித்த கல்தொட்டி, மர ஏலம் நடந்த பொட்டல்.

இதைச் சுற்றிக் காட்டித்தான் வேணி பிழைக்கப் பார்த்தாள். வீட்டில் முதல் பட்டதாரி, வரலாறு படித்தவள். படித்து என்ன கண்டாய் என்று வேறு யாரும் கேட்க வேண்டியதில்லை, அவளே தினமும் கேட்டுக்கொள்வாள். ஞாயிறுதோறும் பாபநாசம், மணிமுத்தாறு என்று சுற்றுலா வேன் விடுகிற மேலப்பாளையம் ஷஃபீகா அக்காதான் இறங்கி வந்தாள். "ஒரு வாரம் காட்டு புள்ள. ஆளுகளுக்குப் பிடிச்சா வாராவாரம் உங்க ஊர்ல நிப்பாட்டுதேன், உனக்கும் சம்பளம். இல்லன்னா அந்த நேரத்துக்கு அருவியில கூடக் கொஞ்சம் குளிச்சிட்டுப் போவாங்க."

அந்த ஞாயிறும் வந்தது. புகைக்கூண்டைப் படம் எடுத்தார்கள். கல்தொட்டியில் ஒருவர் கால் கழுவினார். பொட்டலில் கிரிக்கெட் நடந்துகொண்டிருந்தது; வேணி ஏலத்தை விவரிக்க, வேனில் வந்தவர்கள் ஸ்கோர் விசாரித்தார்கள்.

கடைசியாகக் கடைத்தெரு நிலைவாசல்களைக் காட்டினாள். ஒவ்வொன்றின் நெற்றியிலும் காட்டிலாகா சுத்தியல் அடித்த வட்ட முத்திரை. முறையாக ஏலத்தில் எடுத்த மரம், திருட்டு மரம் இல்லை என்று அர்த்தம். அது தெருவைப் பார்க்கும்படி நிலை வைப்பது ஊர் வழக்கம். பெண் கேட்டு வருகிறவர்கள் முதலில் அதைத்தான் அண்ணாந்து பார்ப்பார்கள்.

"அப்போ முத்திரை இல்லாத வீடே கிடையாதாம்மா?" என்றார் பெர்சிஸ் என்ற டீச்சர்.

வடக்குத் தெரு முழுக்க முத்திரை இல்லாத வீடுகள்தான். அதனால்தான் வேணி அந்தப் பக்கமே கூட்டிப்போகவில்லை. அவள் வீடும் அங்கேதான். 'கிடையாது' என்று சொன்னால் முடிந்தது. ஆனால் படித்த படிப்புக்கு முதல் கூலியைப் பொய் சொல்லியா வாங்குவது?

"இருக்கு டீச்சர். எங்க வீடே அப்படித்தான். வாங்க."

வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மா கோமு, கூட்டத்தைப் பார்த்து முறத்தைக் கீழே வைத்தாள். "ஏட்டி, சொல்லிட்டு வரக்கூடாதா?"

"நம்ம நிலைக்கு மரம் எப்படி வந்துச்சுன்னு கேக்காங்கம்மா."

கோமு மகளை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு நிலையை.

"ஆத்துல மெதந்து வந்துச்சு. எங்க மாமனார் சாகுற வரைக்கும் அப்படித்தான் சொன்னாரு."

"அவ்வளவு பெரிய வெள்ளமா?" என்றார் டீச்சர்.

"வெள்ளமா? அந்த வருசம் மழையே இல்ல. ஆனா இந்தத் தெருவுல அத்தன வீட்டுக்கும் மரம் மெதந்து வந்துச்சு."

எதிர்வீட்டு மதார் திண்டில் சாய்ந்தபடியே குரல் கொடுத்தார். "எங்களுக்குச் சன்னலுக்கும் சேத்து வந்துச்சு மதினி."

வேனில் வந்தவர்கள் சிரித்த சிரிப்பில் கோழிகள் சிதறி ஓடின. அதற்குப் பிறகு அவர்களை அந்தத் தெருவிலிருந்து கிளப்புவதுதான் பெரும்பாடாகிவிட்டது. ஒவ்வொரு வீட்டுக்கும் அந்த ஆறு வெவ்வேறு விதமாக மரம் கொண்டுவந்திருந்தது.

வேனில் ஏறும்போது ஷஃபீகா அக்கா சொன்னாள், "அடுத்த ஞாயித்துக்கிழமையும் வாரோம். மொத வீடு உங்க வீடுதான்."

வேணி வாயெடுப்பதற்குள் கோமு முந்திக்கொண்டாள். "வாராவாரமா? அப்போ ஞாயித்துக்கிழமை நான் நைட்டியோட வாசல்ல நிக்கவே முடியாதா?"