பல் பதிந்த லட்டு

ஃபிரில் தைத்தே வயிறு வளர்த்தவள் நான். இரண்டு முழத் துணியை ஒரு முழமாகச் சுருக்கி, கவுனின் ஓரத்தில் அலை அலையாய் வைத்துத் தைப்போம். அது குளிருக்கு உதவாது, மானத்தையும் மறைக்காது. பிரித்துப் போட்டாலும் கவுன் கவுன்தான். அதனால்தான் வீண் அலங்காரம் இல்லாத எதையும் இங்கிலீஷில் ‘நோ-ஃபிரில்ஸ்’ என்கிறார்கள்.

வெள்ளைக்காரர்கள் போனபின் கண்டோன்மெண்டில் கவுன் வேலை குறைந்தது. நானும் நாத்தனார் கன்னியம்மாவும் மல்லேஸ்வரத்தில் ஒரு கல்யாண வீட்டுக்கு ரவிக்கை தைத்தோம். பெண்ணின் ரவிக்கை தைத்தவர்களுக்குப் பந்தியில் இலை போடுவது வழக்கம். அந்த ஓர் இலைக்காகக் கன்னியம்மா பட்டுப்புடவை இரவல் வாங்கி உடுத்தி வந்தாள்.

பந்தி வாசலில் வீட்டம்மா மறித்தார்.

“இது நோ-ஃபிரில்ஸ் கல்யாணம்மா. தைக்கிறவங்க, துவைக்கிறவங்களுக்கெல்லாம் எலை கெடையாது. பின்பக்கம் வாங்க, கட்டித் தரச் சொல்றேன்.”

“பொண்ணு ரவிக்கைக் கையில மட்டும் மூணு அடுக்கு ஃபிரில் கேட்டீங்களேம்மா,” என்றாள் கன்னியம்மா.

“அது அழகுக்கு.”

பின்பக்கம் கொடுத்த பொட்டலத்தைப் பஸ் நிறுத்தத்தில் பிரித்தோம். லட்டில் யாருடைய பல்லோ பதிந்திருந்தது. சோற்றுக்குள் மென்று துப்பிய முருங்கைக்காய்ச் சக்கை. கன்னியம்மா இரவல் புடவையில் படாமல் பொட்டலத்தைச் சாக்கடையில் போட்டுவிட்டு, குழாயடியில் நெடுநேரம் கை கழுவினாள்.

“வா அண்ணி, வீட்டுல ராகிக் களி இருக்கு.”

யாராவது எளிமையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இன்றும் அந்த லட்டுதான் கண்முன் வருகிறது. முதலில் யாருடைய இலையை எடுத்தார்கள் என்றுதான் பார்க்கிறேன்.