அறைக்கு நாலு பேர், கடலுக்கும்தான்

கல்யாணமான நாளிலிருந்து என் வீட்டுக்காரரிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். பன்னிரண்டு வயதுவரை நான் விளையாடிய வேம்பார்க் கடலில் ஒரு தடவை என்னோடு இறங்க வேண்டும். நகை கேட்டிருந்தால்கூடச் சீக்கிரம் கிடைத்திருக்கும். ஏழாயிரம்பண்ணையில் பட்டாசுக் கம்பெனி போர்மேன் அவர். எப்போது பேச்செடுத்தாலும் சீசன், ஆர்டர், லோடு. பதினெட்டு வருஷம் கழித்து, இந்தத் தீபாவளி முடிந்து கம்பெனிக்கு லீவு விட்டதும்தான் வாய்த்தது.

இரண்டு மகள்கள், நாத்தனார், நாங்கள் இருவர் என ஐந்து பேர் வேனில் கிளம்பினோம். கிளம்பும் முன்பே பிள்ளைகளின் நைலான் உடுப்பையெல்லாம் பையிலிருந்து எடுத்து வெளியே போட்டார். பருத்திதான் உடுத்த வேண்டுமாம். நைலான் உரசினால் பொறி வரும் என்று கம்பெனியில் வெடிமருந்து அறைக்குப் போகிறவர்களுக்கு வைத்த சட்டம் அது. கடலில் என்னப்பா பற்றும் என்று மூத்தவள் கேட்டாள். நல்ல பழக்கத்தை விடக் கூடாது என்றார்.

கரையில் ஒருவர் தள்ளுவண்டியில் அடுப்பு மூட்டிக் கடலை வறுத்துக்கொண்டிருந்தார். இவர் நேரே போய், பத்தடி தள்ளி நிற்கச் சொன்னார். அந்த மனிதர் முறைத்துக்கொண்டே எந்த ஊர் என்று கேட்டார். இவர் ஊரைச் சொன்னதுதான் தாமதம், வண்டியை ஐம்பதடிக்கு உருட்டிக்கொண்டு போய்விட்டார். எங்கள் பையில் என்ன இருக்கிறதோ என்ற பயம் அவருக்கு. கடலை போச்சே என்று இளையவள் சிணுங்கினாள்.

சரி, இறங்கலாம் என்றேன். இவர் எங்களை எண்ணினார். ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்பது கம்பெனியில் இவர் தினமும் கத்துகிற விதி.

"நாலு பேருதான் கணக்கு. நீங்க இறங்குங்க. நான் வெளிய நிக்கேன்."

இதென்ன அறையா அண்ணே என்று நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இதற்கா பதினெட்டு வருஷம் காத்திருந்தேன்? அப்புறம்தான் அவர் காலைக் கவனித்தேன். அலை ஒரு முழம் வந்தால் இவர் இரண்டு முழம் பின்வாங்கினார். இருபது வருஷமாக வெடிமருந்துக்கு நடுவே நடமாடுகிற மனிதருக்குத் தண்ணீரில் பயம்.

சிரிப்பை அடக்கிக்கொண்டு, வேண்டுமென்றே இடுப்பளவுக்குப் போனேன். பெரிய அலை ஒன்று என்னைக் கவிழ்த்துப் போட்டது. எனக்கு அது சின்ன வயதிலிருந்தே பழகிய குட்டிக்கரணம். எழுந்து முகத்தைத் துடைத்தால், செருப்பைக்கூடக் கழற்றாமல் வேட்டியோடு ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அஞ்சாவது ஆள் வந்தாச்சு என்று மகள்கள் கைதட்டினார்கள். நானும் கேலி பேசத்தான் திரும்பினேன்.

அவர் சிரிக்கவில்லை. பிடித்த கையை விடவும் இல்லை. பிள்ளைகளுக்குக் கேட்காதபடி குனிந்து கேட்டார்.

"தெனமும் காலைல நான் கம்பெனி வேன்ல ஏறுறப்ப, உனக்கு இப்பிடித்தான் இருக்குமா?"

இத்தனை வருஷத்தில் அவர் அதைக் கேட்டதே இல்லை. இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆமாம் என்றுதான் வந்தது.