தெம்பனிஸ் வீட்டுக்கு நான் சொன்ன சாம்பல்

முதல் பூச்சு

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் ஒரு பெயிண்ட் கடையில், கலர் கலக்கும் மெஷின் பக்கத்தில் பதினெட்டு வருடம் நின்றவள் நான். பிறகுதான் சொந்தமாக பெயிண்டிங் கான்ட்ராக்ட் எடுக்க ஆரம்பித்தேன். கலர் விஷயத்தில் யார் பேச்சையும் கேட்க மாட்டேன். வாடிக்கையாளர் வாயைத் திறப்பதற்குள் அவர் வீட்டுக்கு என்ன நிறம் என்று முடிவு செய்துவிடுவேன். அந்தத் திமிர் எங்கே இறங்கியது என்பதை, இப்போது இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

ரோகிணி சாங்கி விமான நிலையத்தில் ஏர் கார்கோவில் வேலை பார்ப்பவள். தெம்பனிஸில் அரசாங்க அடுக்குமாடியில் நாலறை வீடு. "புது வீட்டுச் சாவி கிடைச்சிருச்சுக்கா. ஆறு மாசத்துக்குள்ள இதை வித்தாகணும், அதான் கவர்மென்ட் ரூல். சீக்கிரம் பெயிண்ட் அடிச்சுக் குடுங்க" என்றாள்.

ஹால் கிளிப்பச்சை, ஒரு ரூம் ஆரஞ்சு, சமையலறை ஊதா. விற்கிற வீட்டுக்கு இதெல்லாம் ஆகாது. வருகிறவர்கள் தங்கள் சோபாவையும் கட்டிலையும் அங்கே போட்டுப் பார்க்கிற மாதிரி அடக்கமான நிறம் வேண்டும். இதில் அவளுக்கும் எனக்கும் சண்டையில்லை.

"லேசா சந்தனக் கலர் அடிச்சா போதும்லக்கா? ரொம்ப மங்கலா, வெள்ளைக்கு அடுத்தாப்புல" என்றாள்.

"சந்தனமா? அது நம்ம ஆளுங்க கலர்மா. விக்கிற வீட்டுல நம்ம வாடையே வரக்கூடாது. காசுக்காரங்க இருக்கிற காண்டோ வீட்டுல எல்லாம் இப்ப லைட் கிரேதான். பேசாம இரு" என்று கலர் கார்டை அவள் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

அப்போது காலை பதினொரு மணி. ஜன்னல் வெளிச்சத்தில் அந்தச் சாம்பல் அட்டை அவ்வளவு அழகாக இருந்தது. அவள் கணவர் முரளியும், "அக்காவுக்குத் தெரியாததா" என்று சொல்லிவிட்டார். பச்சை எட்டிப் பார்க்காமலிருக்க அண்டர்கோட் ஒன்று, மேலே சாம்பல் இரண்டு கோட். மூன்று நாளில் முடித்தேன். சுத்தமான வேலை, அதில் இன்றைக்கும் எனக்குச் சந்தேகமில்லை.

இரண்டாம் பூச்சு

மூன்று மாதம் கழித்து ரோகிணி போன் செய்தாள். பத்தொன்பது குடும்பங்கள் வந்து பார்த்தாயிற்று, ஒருவரும் விலை பேசவில்லை.

"நைஸ், அப்புறம் சொல்றோம் லா அப்படின்னு போயிடுறாங்கக்கா. டைமுக்குள்ள விக்கலைன்னா என்ன ஆகுமோன்னு தூக்கமே வரல. நாளைக்கு ஒரு பார்ட்டி வருது. நீங்க ஒருவாட்டி வந்து பாருங்களேன்."

"பெயிண்ட்ல ஒரு குறையும் இல்ல" என்று கடுப்பாகச் சொன்னேன். ஆனாலும் போனேன்.

வீடு பார்க்க வருகிறவர்கள் வேலை முடிந்துதானே வருவார்கள். மாலை ஏழரை மணி. எல்லா டியூப்லைட்டும் எரிந்தது. அந்த வெளிச்சத்தில் என் சாம்பல், நீலம் பாய்ந்து வெளிறிப்போயிருந்தது. எனக்கே குளிரெடுத்தது. நான் யாரென்று சொல்லாமல் ஓரமாக உட்கார்ந்துகொண்டேன். வீட்டு ஏஜென்ட் தினேஷ் ஒரு தமிழ்க் குடும்பத்தை அழைத்து வந்தான். கணவன், மனைவி, கணவனின் அம்மா.

அந்த அம்மா ஹால் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஏன் தம்பி, பெயிண்ட் இனிமேதான் அடிக்கணுமா?" என்று கேட்டார்.

"அடிச்சாச்சு அத்தை, இதுதான் கலர்" என்றாள் மருமகள். "கிளினிக் மாதிரி இருக்குல்ல?"

பத்து நிமிடத்தில் போய்விட்டார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தைத் தினேஷிடம் காட்டினேன். "நம்ம ஆளுங்களையே கூட்டிட்டு வந்தா எப்படி? சீனக் குடும்பம் ஏதாவது கூட்டிட்டு வா. அவங்களுக்குப் பிடிக்கும்."

"எப்படிக்கா முடியும்? ஒரு ப்ளாக்ல ஒவ்வொரு இனத்துக்கும் இத்தனை வீடுதான்னு கவர்மென்ட் வச்சிருக்கே, இங்க சீனர் கோட்டா ஃபுல். இந்தியர் வீட்டை இப்ப சீனருக்கு விக்க முடியாது. மலாய்க்காரங்க வாங்கணும், இல்லாட்டி நம்ம ஆளுங்க வாங்கணும். முதல் நாளே இவங்ககிட்ட சொல்லிட்டேனே."

ரோகிணி என்னையே பார்த்தாள். நம்ம வாடையே வரக்கூடாது என்று சொன்னது என் வாய்தான். அந்த வீட்டை வாங்கக்கூடியவர்களிடமிருந்தே அதை மறைத்து வைத்திருக்கிறேன். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு நம் வீட்டு நிறங்களைக் கண்டால் ஒரு கூச்சம் இருந்திருக்கிறது. அதைத் தொழில் அறிவு என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"தப்பு என்னோடதும்மா. திருப்பி அடிச்சுத் தர்றேன், காசு வேணாம்" என்றேன்.

பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை. "நான் சொன்னப்பவே கேட்டிருக்கலாம்லக்கா" என்றாள். கண் கலங்கியிருந்தது.

மறுநாள் அதே ஏழரை மணிக்கு, மங்கலான சந்தன வெள்ளையில் நாலு விதம் பலகையில் அடித்துக் கொண்டுபோய், டியூப்லைட்டுக்குக் கீழே சுவரில் சாத்தி வைத்தேன். ரோகிணி மூன்றாவதைக் காட்டினாள். எதிர்த்துப் பேசாமல் அதையே அடித்துக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் ஒரு மலாய்த் தம்பதி வந்தார்கள். அந்தப் பெண் சோபாவில் உட்கார்ந்தவர், அரை மணி நேரம் எழுந்திருக்கவே இல்லை. பேப்பர் வேலையெல்லாம் முடிந்தபோது கெடுவுக்கு நாலு நாள்தான் பாக்கி. பெயிண்ட் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு பெண்ணின் மூன்று மாதத் தூக்கத்தைக் கெடுத்தது என் பெயிண்ட்தான்.

இப்போதெல்லாம் விற்கிற வீட்டுக்குப் போனால், யார் வாங்க முடியும், எத்தனை மணிக்குப் பார்க்க வருவார்கள் என்று முதலில் கேட்கிறேன். அந்த நேரத்துக்குப் போய், எல்லா விளக்கையும் போட்ட பிறகுதான் கலர் கார்டை விரிக்கிறேன். வீட்டுக்காரர் பேசி முடிக்கும்வரை குறுக்கே பேசுவதில்லை.

ரோகிணியின் புது வீட்டுக்கு வேறு ஆள் பெயிண்ட் அடித்ததாகத் தினேஷ் சொன்னான். எனக்குக் கோபம் வரவில்லை. அவள் இடத்தில் நான் இருந்தாலும் என்னைக் கூப்பிட்டிருக்க மாட்டேன்.