நைனாவின் வலிமாத்திரை

அன்று மாலை ஆறு ஐம்பதுக்கு, ஆந்திராவின் விஜயபுரத்துக்கு அப்பாவுடன் விடுமுறையில் வந்து அத்தை வீட்டில் இருந்தபோது, நியூஜெர்சி மருந்துக்கடையிலிருந்து என் கைபேசிக்குக் குறுஞ்செய்தி வந்தது. ‘உங்கள் தந்தையின் வலிமாத்திரை தீரப்போகிறது. மறுபடி தயார் செய்யட்டுமா?’ கடையே நம்மைத் தேடி வந்து மருந்து வேண்டுமா என்று கேட்பது, இத்தனை வருடம் அங்கே வாழ்ந்தும் எனக்கு விநோதம்தான். பழக்கதோஷத்தில் ‘ஆம்’ என்று அனுப்பிவிட்டு, மதியம் படுத்த அத்தையை எழுப்பப் போனேன். எழவில்லை. உதடுகள் நீலம் பாரித்திருந்தன. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே, இனி வராதோ என்று பயப்படும் அளவுக்கு இடைவெளி.

நான்கு ஆண்டுகளுக்கு முன், நான் நைனா என்று கூப்பிடும் அப்பா எங்கள் நியூஜெர்சி வீட்டு வாசலில் பனியில் வழுக்கி விழுந்தார். முதுகில் அறுவை சிகிச்சை. பிசியோதெரபிக்கு அழைத்துப் போனேன். சில வாரங்களிலேயே இனி அனுமதி இல்லை என்று இன்சூரன்ஸ் கம்பெனி கடிதம் போட்டது. ஓபியாய்டு என்னும் அபின் வகை மாத்திரைக்கு மட்டும் அது ஒருமுறைகூட மறுப்பு சொல்லவில்லை. மாதாமாதம் டாக்டர் எழுதினார், நான் வாங்கி வந்தேன். இவ்வகை மாத்திரைக்குப் பிள்ளைகள் அடிமையாகிறார்கள், வீட்டில் பூட்டி வையுங்கள் என்று என் மகளின் பள்ளியில் பெற்றோரைக் கூட்டிச் சொன்னார்கள். அன்றே ஒரு பெட்டி வாங்கிப் பூட்டினேன். பதினைந்து வயது மகளின் கண்ணை, நடையை, பேச்சைத் தினமும் வேவு பார்த்தேன். பெட்டிச் சாவியை நைனாவிடம் கொடுத்தேன். எழுபத்தாறு வயது மனிதரைப் பார்த்து யார் பயப்படுவார்கள்?

அன்று மதியம் சாப்பிட்டதும் அத்தை முழங்காலைப் பிடித்துக்கொண்டு அண்ணனை வம்புக்கு இழுத்தாள்.

“இன்னாண்ணா, ஊருக்கெல்லாம் சாக்லேட்டு, எனக்கு மட்டும் ஒண்ணும் இல்லியா?”

“உனக்கு இத்த வச்சிக்கினு கீறேன். அமெரிக்கா மாத்திரை. ரெண்டு துன்னு பாரு, நாளைக்குத் திருமலைக்கு அலிபிரி படி ஏறிடுவ.”

“நான் ஏறிடுவேன். உன்ன யாரு தூக்கிக்கினு வர்றது?”

எல்லோரும் சிரித்தோம். தண்ணீர் எடுத்துக் கொடுத்தது நான்தான். ஒருவர் மாத்திரையை இன்னொருவருக்குக் கொடுப்பது நம் வீடுகளில் பாசம். வெளிநாட்டில் பெற்றோரை வைத்திருப்பவர்களே, உங்கள் பெட்டியிலும் அந்தப் பாசம் இருக்கிறதா என்று பாருங்கள்.

பக்கத்து வீட்டுக் காரின் பின்சீட்டில் அத்தையைக் கிடத்தினோம். நைனாவுக்கு இடமில்லை. டாக்டரிடம் காட்ட அவருடைய மாத்திரை டப்பாவை எடுத்துக்கொண்டேன். புத்தூர் தாண்டித் திருப்பதி ஆஸ்பத்திரி சேரும்வரை அத்தையின் நெஞ்சிலிருந்து கையை எடுக்கவில்லை.

“இதி எவரு இச்சாரு?” டப்பாவைப் பார்த்துவிட்டு, யார் கொடுத்தது என்று தெலுங்கில் கேட்டார் டாக்டர்.

“இன்சூரன்ஸ், சார்.”

அவர் என்னை வெறித்துப் பார்த்தார். “மேடம், ஆமெக்கி எவரு இச்சாரு?”

அத்தைக்கு யார் கொடுத்தது என்றுதான் கேட்டிருக்கிறார். “எங்க நைனா” என்று தமிழில் வந்தது வாயில்.

மாத்திரையை முறிக்கும் மருந்தை ஊசியில் ஏற்றினார்கள். அத்தை ஒருமுறை கண்ணைத் திறந்தாள், மறுபடி மூழ்கிவிட்டாள். செயற்கை சுவாசம் வைத்தார்கள். மூளைக்கு எவ்வளவு நேரம் காற்றில்லாமல் போனதோ, விழித்தால்தான் தெரியும் என்றார் டாக்டர். இதை எழுதும்போதும் அவள் விழிக்கவில்லை.

மறுநாள் முற்பகலில் நைனா வந்தார். சட்டை வியர்வையில் ஊறியிருந்தது. மூக்கு ஒழுகியது, கை நடுங்கியது. தங்கைக்காக அழுகிறார் என்றுதான் நினைத்தேன். தாங்கிப் பிடித்துத் தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக் கதவருகே அழைத்துப் போனேன். அவர் உள்ளே பார்க்கவில்லை. என் கைப்பையைப் பார்த்தார்.

“டப்பா எங்க, பாப்பா?”

“டாக்டர் வாங்கி வச்சிக்கினாரு, நைனா.”

“ஒண்ணே ஒண்ணு கேட்டு வாங்கியா. ராத்திரிலேர்ந்து உடம்பே என்னுது இல்ல.”

“தர மாட்டாங்க நைனா. அத்தை உள்ள...”

விஜயபுரத்தில் பிறந்து, நான் அமெரிக்காவுக்கு அழைத்துக்கொள்ளும்வரை அங்கேயே நெல்லும் வேர்க்கடலையும் விளைத்தவர், சுவரைப் பிடித்துக்கொண்டு என் தோளை உலுக்கினார்.

“அப்போ நம்மூருக்கே போய்டலாம், வா. நியூஜெர்சில நமக்கு இல்லன்னு சொல்ல மாட்டாங்க.”