வேலி இல்லாத வளைவு

ஷார்ஜாவைத் தாண்டி மணலில் பழைய கார்களை வைத்து ரேஸ் நடத்திய அந்த ஆள், மொபைலில் ஒரு பழைய படத்தைக் காட்டினான். தொப்பி போட்ட கூட்டம் பாதையை ஒட்டி நிற்கிறது. நடுவே ஒரு கார் சாய்ந்தபடி பறக்கிறது. கார் ரேஸ் என்பதே தொடங்கிய காலத்தில் வேலியே கிடையாதாம். அன்று அதை நடத்தியவர்கள் டிக்கெட் விற்றதே அந்தப் பயத்தை வைத்துத்தானாம். அச்சு அசலாக அப்படியே வேண்டும் என்று இந்தியில் சொல்லிவிட்டு, வளைவிலிருந்த கம்பி வேலியைக் கழற்றச் சொன்னான். இது சரியில்லை என்று அப்போதே தெரிந்தது. ஆனாலும் கழற்றினேன்.

படத்தில் உள்ளதுபோல் கூட்டமாக நிற்க எங்கள் லேபர் கேம்ப்பிலிருந்து நாற்பது பேர். சனிக்கிழமை டூட்டி கிடையாது, பிரியாணி உண்டு, புது டீ-ஷர்ட் உண்டு. ஃபோர்மேன் என்பதால் பட்டியலை நான் எழுதினேன். முதல் பெயரே என் தங்கை கணவனுடையது. சொந்தக்காரனுக்கு நல்லது செய்கிறேன் என்ற நினைப்பு. என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

சுண்ணாம்புக் கோட்டின் மேல் வரிசையாக நிறுத்தினேன். கட்டட சைட்டில் கிரேன் தூக்கும்போது உள்ள சட்டம்தான் இங்கேயும்: நான் விசில் ஊதாமல் எவனும் நின்ற இடத்தைவிட்டு அசையக் கூடாது. அசைந்தவர்களை மூன்று வருடமாக வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறேன்.

நான்காவது சுற்றில் ஒரு சிவப்புக் கார் வளைவில் வழுக்கி, மணலை வாரியடித்துக்கொண்டு அவர்களை நோக்கியே வந்தது. ஒருவனும் காரைப் பார்க்கவில்லை. நாற்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். விசில் வாயில்தான் இருந்தது. ஊத மூச்சு வரவில்லை.

மாப்பிள்ளையின் முழங்காலுக்கு இரண்டு சாண் முன்னால் கார் நின்றது.

ஓடிப்போய் அவன் சட்டையைப் பிடித்தேன். "ஏன் மாப்ள ஓடல?"

"நீங்க ஊதலியே மச்சான்," என்றான். குறை சொல்கிற குரல்கூட இல்லை.

ரேஸ் நடத்தியவனுக்கு வாயெல்லாம் பல். ஒருத்தன்கூட நகரவில்லை, அந்தக் காலத்துக் கூட்டம்கூட இவ்வளவு தைரியமாக நின்றதில்லை என்று என் முதுகில் தட்டினான். அடுத்த சனிக்கிழமையும் நாற்பது பேர் வேண்டும், நாலடி முன்னால் நிற்க வேண்டும் என்றான். வேலியைக் கட்டிவிடலாமே என்று கேட்டேன்.

"வேலி மாஃபி," என்றான். மாஃபி என்றால் கிடையாது; பேச்சு முடிந்தது.

சாயங்காலம் ரூமில் புதுப் பட்டியல் எழுத உட்கார்ந்தேன். மாப்பிள்ளை பெயரை விட்டுவிட்டேன். ஒரு நாள் லீவு போச்சே என்று அவன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டான். இருந்துவிட்டுப் போகட்டும், எனக்கு நிம்மதி. ஆனால் ஓர் இடம் காலியாக இருந்தது. எதிர்க் கட்டில்காரனைக் கூப்பிட்டு அவன் பெயரை அதில் எழுதினேன். மூன்று பெண் பிள்ளைகளுக்குத் தகப்பன்.

"மறக்காம நம்மளயும் சேத்துக்கிட்டீங்களே, ரொம்ப சந்தோசம்ணே," என்றான்.