தேவாரம் பாடாமல் போனவர்

இதை எழுத வேண்டாமென்று பல வருடம் கையை அடக்கி வைத்திருந்தேன்.

மலாயாவில் எங்கள் ஊரான காஜா பெராங்கில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும், அழைக்காமலே வந்து தேவாரம் பாடும் நெட்டையான மனிதர் ஒருவர் இருந்தார். சிவன் கொடுத்த குரல். மெர்டேக்காவுக்கு, அதாவது நாட்டு விடுதலைக்குப் பிந்திய தேர்தல் முடிந்த சில நாளில் என் அப்பா இறந்தார். அவரும் வந்தார். ஆனால் வாசலில் செருப்பைக் கழற்றவில்லை.

"உங்கப்பா நம்மளை இந்த நாட்டுக்காரன் இல்லேன்ன அந்தக் கட்சிக்குத்தானே ஓட்டுக் கேட்டுத் திரிஞ்சாரு?"

"ஜப்பான்காரன்கிட்ட நம்ம ஆளுங்களக் காட்டிக்கொடுத்தவன் செத்தப்பவே பாடினீங்களேண்ணே!"

"அவன் உயிருக்குப் பயந்து செஞ்சான், தம்பி. உங்கப்பா தெரிஞ்சே செஞ்சாரு."

சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். எனக்குத் தெரிந்த ஒரே பதிகத்தை ராகமில்லாமல் நானே பாடினேன்.

படிப்பவர்கள் இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். அவர் திட்டினார் என்று மட்டும் கூட்டிச் சொல்லாதீர்கள். கண் கலங்கித்தான் போனார். அதையும் விடாமல் சொல்லுங்கள்.