இருபத்திரண்டு வருட அனுபவத்தோடு அரியாலைக்கு

போன செவ்வாய்க்கிழமை பருத்தித்துறையிலிருந்து அரியாலைக்குப் போய்வந்தேன். ஊர் பார்க்க அல்ல. அனுபவத்தால் கற்றதையும் மதிப்பிட்டு, முன்பள்ளிக் கல்விப் பட்டப்படிப்பின் முதலாம் ஆண்டிலிருந்து விலக்குத் தருவோம் என்று அங்குள்ள ஓர் உயர்கல்வி நிறுவனம் விளம்பரம் போட்டிருந்தது. நாற்பத்தேழு வயதில் ஒரு வருடம் மிச்சமாவது பெரிய விஷயம். இதே விலக்குக்குப் போக இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

காலை 6.40 பஸ். யாழ்ப்பாணம் 34 கிலோமீற்றர், நூற்றைம்பது ரூபாய், ஒன்றேகால் மணித்தியாலமும் நின்றபடிதான். அங்கிருந்து ஓட்டோ நானூறு. வரச் சொன்னது 8.30க்கு; கூப்பிட்டது 11.10க்கு. குடிக்கத் தண்ணீர்கூட வைக்கவில்லை.

நேர்முகம் செய்த விரிவுரையாளர் என்னைவிடப் பதினைந்து வயதாவது இளையவர். என் விண்ணப்பக் கோப்பை இரண்டு தரம் புரட்டினார்.

"ரீச்சர், ஒரு பட்டதாரி உங்கடை வகுப்பை ஆறு மாசம் பாத்து எழுதின கடிதம் வேணும்."

"எங்கடை முன்பள்ளியில நான் ஒராள்தான், சேர். ஆர் பாக்கிறது?"

"விதி அப்பிடி."

"உங்கடை கடைசி வருசப் பிள்ளையளை என்னட்டைத்தானே பயிற்சிக்கு அனுப்புறியள்? இந்த முறை வந்த ரெண்டு பேரின்ரை பதிவேட்டிலயும் நான்தானே கையெழுத்து வைச்சனான்?"

"ஓம், அது வேறை, இது வேறை. அந்தப் பதிவேடுகளைக் கொண்டு வந்தனீங்களோ? புள்ளி போடோணும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் கையெழுத்தை நம்பிப் பட்டம் கொடுப்பார்களாம், என்னை நம்பி ஒரு வருடம் குறைக்கமாட்டார்களாம்! அழுகிற பிள்ளையை எப்போது தூக்குவது, எப்போது தூக்காமல் பக்கத்தில் இருப்பது என்று அந்த மாணவிகளுக்குக் காட்டியது யார்? பதிவேடுகளைத் திருப்பிக் கொண்டுபோய்விடலாம் என்றுகூட நினைத்தேன். ஆனால் அந்த மாணவிகள் இருவரும் என்ன பாவம் செய்தார்கள்? மேசையில் வைத்தேன். 'பயிற்றுநரின் தகுதி' என்ற இடத்தில் 'இருபத்திரண்டு வருட அனுபவம்' என்று எழுதியிருந்தேன். விரிவுரையாளர் அதற்குப் பக்கத்திலேயே முத்திரை குத்தினார்.

"என்ன அக்கா, பாஸோ?" என்று கேட்டார் வாசலில் நின்ற ஓட்டோக்காரர்.

"நான் பாஸாக்கினவை பாஸ்."

அவருக்கு விளங்கவில்லை. திரும்பிப் போகவும் நானூறுதான் வாங்கினார்.

போகிறவர்கள் தண்ணீரும் சாப்பாடும் கொண்டுபோங்கள். விளம்பரத்தில் அந்தக் கடிதத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை, முதலே கேட்டுவிடுங்கள். வெட்கப்பட்டுக்கொண்டு எழும்பி வந்துவிடாதீர்கள், அவகாசம் கேளுங்கள். கேட்டதால்தான் எனக்கு அடுத்த மாதக் கடைசிவரை தந்தார்கள்.

ஆறு மாதம் என் வகுப்பைப் பார்த்தவர்கள் அந்த இரண்டு மாணவிகள்தான். அடுத்த மாதம் பத்தாம் திகதி அவர்கள் பட்டதாரிகள். இன்று காலை ஒருத்திக்குப் போன் எடுத்து விஷயத்தைச் சொன்னேன்.

"ஐயோ ரீச்சர், உங்களைப் பற்றி நான் என்னெண்டு எழுதிறது? நீங்களே எழுதித் தாங்கோ, பட்டம் கிடைச்ச உடனை நான் கையெழுத்து வைக்கிறன்."

எழுதிக்கொண்டிருக்கிறேன்.